உள்ளே வரலாமா, டீச்சர்?

கெடாவில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் பள்ளி நாள். வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூர்ப் பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் நேரத்தில், பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மெர்போக் போகும் சாலையில் பள்ளி வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். அப்படியொரு ஞாயிறு, காலை ஆறே முக்கால். ஜெராய் மலையின் உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. அடிவாரத்தில், ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறை வாசலில் நான் நிற்கிறேன். வாருங்கள், நீங்களும் கூடவே வாருங்கள். இந்தக் கதவைத் தாண்டி நம்மைப் போன்றவர்களை யாரும் சுலபத்தில் விடுவதில்லை!

நாமெல்லாம் பள்ளியை எப்படிப் பார்த்திருக்கிறோம்? சபைகூடலில், விளையாட்டுப் போட்டியில், பரிசளிப்பு விழாவில். எல்லாம் துடைத்து, மடித்து, மாலை போட்ட பிறகு. ஒரு பாடம் எங்கிருந்து வருகிறது, அதை யார் எப்போது சமைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. தலைமையாசிரியை மூன்று நிபந்தனைகள் போட்டார். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பள்ளியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ எழுதக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

அடேயப்பா, அந்த அறை! முகூர்த்தத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுச் சமையல்கட்டுதான். ஒரு மேசையில் பயிற்சிப் புத்தகங்கள் கோபுரமாக நிற்கின்றன. பக்கத்தில் மாஜோங் தாள் சுருள்கள், மணிலா அட்டைகள், காது உடைந்த ஒரு குவளைக்குள் முப்பது மார்க்கர் பேனா. மைலோ டின் நிறைய ஐஸ்கிரீம் குச்சி. காலணிப் பெட்டி நிறைய பாட்டில் மூடி. லேமினேட் இயந்திரம் சூடாகி ஒரு பிளாஸ்டிக் வாடை. அதற்கு மேலே கோடாலித் தைல வாசம். யாருக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. தினமும் ஐந்தாறு பாடவேளை பேசுகிறவர்களுக்குத் தொண்டைதான் முதல் எதிரி என்று அங்கேதான் புரிந்தது. ஒவ்வொரு மேசை இழுப்பறையிலும் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க அல்ல, ஆசிரியர்கள் தாங்களே சப்பத்தான்!

போட்டோஸ்டேட் மெஷின் முன்னால் வரிசை. ஏழு மணிக்கு அந்த மெஷினுக்கு என்ன மரியாதை தெரியுமா? தாள் சிக்கினால் அறையே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. "டீச்சர், மெதுவா இழுங்க, அது மனசு வச்சாத்தான் வரும்" என்கிறார் ஒரு சார். கசங்கிய தாள் வெளியே வந்ததும் கைதட்டல்.

அறிவிப்புப் பலகையில் ஒரு சிறு தாள். எல்லாரும் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ரிலீஃப் பட்டியல். யாராவது எம்.சி. எடுத்திருந்தால் அவருடைய வகுப்பு யார் தலையில் விழுகிறது என்று அதில் இருக்கும். இன்று ஒருவர் வரவில்லை. பட்டியலைப் பார்த்த இளம் ஆசிரியர் ஒருவர் தன் ஒரே ஓய்வு வேளையை இழந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே மைலோ டின்னை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் யாரும் இதைப் பார்த்ததில்லை.

இப்போது நான் பார்க்க வந்த பொருளுக்கு வருகிறேன். நாள் பாடத்திட்டம். மலாயில் ஆர்.பி.எச். என்பார்கள், ஆசிரியர்கள் வாயிலும் அதுதான். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் இப்போதுள்ள கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கியது. 2017-இல் அதைத் திருத்தி மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தர ஆவணம் உண்டு. அந்த ஆண்டில் பிள்ளை என்னென்ன அறிய வேண்டும் என்று அதில் எண் போட்டு எழுதியிருக்கும். அதை வாரங்களாகப் பிரித்தால் ஆண்டுப் பாடத்திட்டம். அதையும் நறுக்கி, இந்த ஞாயிறு, இந்த அரைமணிப் பாடவேளை என்று கொண்டுவந்தால் நாள் பாடத்திட்டம். உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், நோக்கம், வெற்றிக்கூறு, பீடிகை, படி ஒன்று, படி இரண்டு, முடிவு, கடைசியில் சிந்தனை மீட்சி. கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். தலைமையாசிரியையின் கையெழுத்து. பார்த்தால் ஏதோ அரசாங்கப் படிவம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் முதலாம் ஆண்டு டீச்சர் தன் கோப்பை என் பக்கம் திருப்பினார். அச்சடித்த கட்டங்களுக்கு ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டொரு சொல். "இது என்ன டீச்சர்?" என்றேன்.

"புள்ளைங்க எங்க விழுவாங்கன்னு குறிச்சு வச்சிருக்கேன்" என்றார் சாதாரணமாக.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அச்சில் இருப்பது ஆசிரியர் என்ன செய்யப்போகிறார் என்ற விவரம். பென்சிலில் இருப்பது பிள்ளை என்ன தப்பு செய்யும் என்ற விவரம். அன்று முழுவதும் நான் பார்த்த நல்ல பாடம் ஒவ்வொன்றும் அந்தப் பென்சில் வட்டத்தைச் சுற்றித்தான் நடந்தது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த வட்டம்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் என்று நம்புகிறேன்.

மணி அடித்தது. ஓடுவோம்!

முதலாம் ஆண்டு, தமிழ்மொழி. "வ-ண-க்-க-ம் டீச்சர்!" என்று ஓட்டைப் பிளக்கும் குரல். பிள்ளைகள் உயிர்மெய் எழுத்துகளுக்குள் இறங்கிவிட்டார்கள். இன்றைய பாடம் கொம்பு எழுத்துகள். கெ, கே, கை, கொ, கோ. நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஏழு வயதில் உட்கார்ந்து பாருங்கள். "கெ" என்று சொல்லும்போது க் முதலில் ஒலிக்கிறது, எ பிறகு ஒலிக்கிறது. எழுதும்போதோ எ-க்கு உரிய கொம்பு முன்னால் வந்து நிற்கிறது! காது ஒரு வரிசை சொல்கிறது, கை வேறு வரிசை எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை காதை நம்பினால் கொம்பைப் பின்னால் போட்டுவிடும். பென்சில் வட்டத்தில் இதுதான் இருந்தது. "கொம்பு பின்னால்."

டீச்சர் மூன்று பிள்ளைகளை முன்னால் அழைத்தார். ஒரு பையனுக்கு "க" அட்டை. ஒரு பெண்ணுக்குக் கொம்பு. இன்னொரு பையனுக்குத் துணைக்கால். அட்டைகளில் ராஃபியா கயிறு கட்டி, கழுத்தில் அல்ல, முதுகில் தொங்கவிட்டார்! பிள்ளைகள் வெண்பலகையைப் பார்த்து நிற்கிறார்கள், வகுப்புக்கு முதுகு காட்டுகிறார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கேட்டபோது சொன்னார். வகுப்பைப் பார்த்து நின்றால் நிற்கிற பிள்ளையின் இடதுகை வகுப்புக்கு வலப்பக்கம். முன்னால், பின்னால் எல்லாம் குழம்பிவிடும். முதுகைக் காட்டி நின்றால் எல்லாருக்கும் இடம் ஒன்றுதான். சனிக்கிழமை தன் வீட்டு ஹாலில் மகனையும் மகளையும் நிறுத்திப் பார்த்தாராம். முதலில் நெஞ்சில் தொங்கவிட்டுப் பார்த்தபோது மகன்தான், "அம்மா, எனக்கு இது மாறித் தெரியுது" என்றானாம். ஒரே ஒரு கயிறு, அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சனிக்கிழமை.

"கெ!" என்றார் டீச்சர். கொம்புப் பெண் ஓடினாள். நேராக "க"-வுக்குப் பின்னால் போய் நின்றாள். வட்டத்தில் எழுதியிருந்த அதே இடம்! டீச்சர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தப்பு" என்று சொல்லவில்லை.

"ஐயா, மாட்டுக்குக் கொம்பு எங்க முளைக்கும்?"

"தலையில டீச்சர்!"

"தலை முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?"

"முன்னாடி!" வகுப்பே கத்தியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தாமதமாக, மிகுந்த பொறுப்போடு வந்தது. "பின்னாடி இருந்தா அது வாலு டீச்சர்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கொம்புப் பெண்ணே சிரித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். அடுத்து "கொ". துணைக்கால் பையனுக்குப் பரபரப்பு தாங்கவில்லை. தன் முறை வந்ததும் குதித்துப் பின்னால் போய் நின்றான். "க" பையன் மட்டும் நடுவில் அசையாமல், இரண்டு பக்கமும் ஆள் வந்ததில் பெருமிதமாக நின்றான். பிறகு எல்லாருக்கும் சிறு அட்டைகள். மூன்று மூன்று பேராகத் தரையில் எழுத்துகளை நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் எழுதினார்கள். டீச்சர் வரிசை வரிசையாகக் குனிந்து போய்க்கொண்டே இருந்தார். மின்விசிறி சுழன்றும் முதுகு நனைந்திருந்தது. அரைமணி நேரத்தில் அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை.

வெளியே வந்தபோது மூச்சு வாங்கியபடி சொன்னார். "கௌ இன்னொரு நாளைக்கு. அதுல ள மாதிரி ஒண்ணு வந்து நிக்கும். ஏன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னும் யோசிச்சு முடிக்கல."

அடுத்து இரண்டாம் ஆண்டு, கணிதம். இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அன்றைக்கு நான் பார்த்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 52-இலிருந்து 27 கழிக்க வேண்டும். டீச்சர் பலகையில் எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். மடித்த தாளுக்குள் ஒரு எண். 35. "இந்த விடை கண்டிப்பா வரும், பாருங்க."

வந்தது! ஒருவர் இல்லை, ஏழெட்டுப் பேர். 2-இலிருந்து 7 போகாது, அதனால் பிள்ளைகள் திருப்பிப் போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். 5. அப்புறம் 5-இலிருந்து 2 போனால் 3. 35. கவனக்குறைவு இல்லை இது, பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று அவர்கள் உண்மையாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் திட்டி விரட்ட முடியாது என்பது டீச்சருக்குத் தெரியும். அதற்காகத்தான் மைலோ டின்!

ஐஸ்கிரீம் குச்சிகள் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. 35 என்று எழுதிய பையன் ஒருவனை அழைத்துக் கடைக்காரர் ஆக்கினார். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "கடைக்கார அண்ணே, எனக்கு இருபத்தேழு குச்சி வேணும்." பையன் இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தான். "இருபது ஆச்சு. இன்னும் ஏழு?" கையில் உதிரி இரண்டுதான். பார்த்தான். வகுப்பைப் பார்த்தான். மறுபடி குச்சிகளைப் பார்த்தான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை, "கட்டை அவிழுடா!" என்று கத்த வாயெடுத்தது. டீச்சர் கை உயர்த்தி அடக்கினார்.

அந்த அமைதி எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியாது. எனக்கே வாய் துறுதுறுத்தது. பிறகு பையன் மெல்ல ஒரு கட்டின் ரப்பரைப் பிடித்து இழுத்தான். ரப்பர் பறந்து முன்வரிசைப் பெண்ணின் மேசையில் விழுந்தது. பத்துக் குச்சியும் சிதறின. எண்ணி ஏழு கொடுத்தான். மீதியை எண்ணினான். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இருபத்தஞ்சு! டீச்சர், முப்பத்தஞ்சு இல்ல, இருபத்தஞ்சு!" அவனே அழித்து அவனே எழுதினான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பலகையில் பத்தைப் பிரிக்கும் முறையை எழுதிக் காட்டினார். அதற்குள் அவர்களுக்கு அது தெரிந்த சங்கதி ஆகியிருந்தது. விரைவாக முடித்தவர்களுக்கு வளப்படுத்தும் நடவடிக்கை, தடுமாறியவர்களுக்குக் குறைநீக்கல், இரண்டுக்கும் தனித்தனித் தாள் மேசைக்கு அடியில் தயாராக இருந்தது. யாருக்கு எது என்று கூப்பிட்டுச் சொல்லவில்லை. நடந்துகொண்டே தாளை வைத்துவிட்டுப் போனார். எந்தப் பிள்ளைக்கும் எது எளிய தாள் என்று தெரியாது.

மணி. ரெஹாட்! சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக், மீ கோரெங், இரைச்சல், வியர்வை, சிந்திய சிராப். ஆசிரியர்களின் ஓய்வு நேரத்தை நான் உன்னிப்பாகக் கவனித்தேன். நான்கு வாய் சோறு. நடுவில் ஒருவனுக்குப் பல் விழுந்துவிட்டது, அதைத் தாளில் மடித்துக் கொடுக்க வேண்டும். ஒருத்திக்குக் காலணிக் கயிறு. இன்னொருத்தி வந்து, "டீச்சர், அவன் என்னப் பாத்து பூச்சி காட்டறான்" என்று முறையிடுகிறாள். தீர்ப்பு சொல்லி முடித்தபோது சம்பல் காய்ந்துவிட்டது. "இவங்க வளர்ந்து பெரிய ஆளானா, நான் சூடா சாப்பிடாததுக்கு ஆளுக்கொரு சாப்பாடு கடன்" என்றார் டீச்சர். பக்கத்து மேசை முழுவதும் ஆமோதித்தது.

அறிவியலை ஓடிக்கொண்டே பார்த்தேன். நீரை உறிஞ்சும் பொருள், உறிஞ்சாத பொருள். பஞ்சு, காலுறை, பிளாஸ்டிக் பை, சில்லறை. வாளித் தண்ணீர் நிச்சயம் கொட்டும் என்பதற்காகக் கதவுக்குப் பின்னால் துடைப்பான் முன்பே வந்து நின்றிருந்தது. கொட்டியது. துடைப்பானும் நீரை உறிஞ்சும் பொருள்தான் என்று ஒரு பையன் கண்டுபிடித்து அட்டவணையில் சேர்க்கச் சொன்னான். சேர்த்தார்கள். திட்டமிட்ட பாடத்தில் திட்டமிடாத அந்த ஒரு வரி எவ்வளவு அழகு!

இப்போது மாடிக்கு வாருங்கள். நான்காம் ஆண்டு, வரலாறு. இது மலாய்மொழியில் நடக்கும் பாடம். தொடக்ககால மலாய் அரசுகள் வருகின்றன, அதில் கெடா துவா வருகிறது. பழைய கெடா. நம் இலக்கியமும் கல்வெட்டும் கடாரம் என்று சொல்லும் நாடு. உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கும்? பாடப்புத்தகத்தில் இருக்கும் இடம், பள்ளி வேன் போகும் வழியில் இருக்கிறது! மெர்போக்கில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகம். அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் மலையடிவாரத்தில் நிற்கிறது. சாலையோரமாகச் சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொண்டு வந்த இடம்.

சாரின் பென்சில் வட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? "டைனோசார்." பத்து வயதுப் பிள்ளைக்குப் பழையது என்றால் எல்லாம் ஒரே பழையதுதான். தாத்தா பால்மரம் வெட்டிய காலம், சோழர் காலம், டைனோசார் காலம், எல்லாம் ஒரே மூட்டை. அதற்கு அவர் கொண்டுவந்தது ராஃபியா கயிறும் துணிக் கவ்விகளும். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். கயிற்றின் முனை இன்று. பத்தாவது சென்டிமீட்டரில் பிள்ளைகள் பிறந்தது. ஒரு மீட்டர்கூடப் போகாமல் 1957, மெர்டேக்கா. பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அவ்வளவு கிட்டவா? பிறகு சார் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார். மேசைகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, நடைபாதையில். பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள், நானும் ஓடுகிறேன்! பத்து மீட்டரில், ஐந்தாம் ஆண்டு வகுப்பு வாசலில் நின்று ஒரு கவ்வியை மாட்டினார். 1025. ராஜேந்திர சோழனின் கப்பல் படை கடாரத்துக்கு வந்த ஆண்டு. சுங்கை பத்துவின் உலைகளுக்கு இன்னும் தள்ளி, மாடிப்படியைத் தாண்டிப் போக வேண்டும் என்று கை காட்டினார்.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. "டைனோசார் எங்க சார்?" சார் அதற்காகவே காத்திருந்தவர். கணக்கு போட்டு வைத்திருந்தார். டைனோசார்கள் அழிந்து ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் 660 கிலோமீட்டர் கயிறு. "மெர்போக்ல இருந்து ஜோகூர் வரைக்கும் இழுக்கணும்" என்றார் மலாயில். நடைபாதையே "வா...!" என்றது. ஐந்தாம் ஆண்டு ஜன்னலில் இருபது தலைகள். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் கோபப்படவில்லை. வெளியே வந்து கவ்வியைப் பார்த்தார். "நாளைக்கு எனக்கு இந்தக் கயிறு வேணும் சார்."

வகுப்புக்குத் திரும்பியதும் பென்சிலைச் சுற்றிக் களிமண்ணை உருட்டினார்கள். பென்சிலை உருவினால் ஒரு குழாய். சுங்கை பத்துவில் உலைக்குள் காற்று ஊதப் பயன்பட்ட மண்குழாய்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஒரு பெண் தன் குழாயில் ஊதிப் பார்த்துவிட்டு, அடுத்தவளிடம் தமிழில் கிசுகிசுத்தாள். "எங்க பாட்டி அடுப்ப இப்படித்தான் ஊதும்." சார் காதில் விழுந்தது. அதை மலாயில் வகுப்புக்குச் சொல்லச் சொன்னார். அவள் சொற்களைத் தேடித் தேடிச் சொல்லி முடித்தாள். வரலாறும் மலாயும் ஒரே நேரத்தில் நடந்தன. இது பாடத்திட்டத் தாளில் இருந்ததா, அந்த நிமிடத்தில் பிறந்ததா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

பகல் ஒன்றரை. வேன்கள் போய்விட்டன. தாமான்களுக்கும், செம்பனைத் தோட்டத்துக்குள் மிச்சமிருக்கும் வீடுகளுக்கும். ஒரு காலத்தில் தோட்டப் பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்தே பள்ளிக்கு வந்தார்கள். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகு பல தோட்டப் பள்ளிகளில் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்து நடத்துவதும் உண்டு. முன்பு அப்படியொரு பள்ளியில் வேலை செய்த டீச்சர் ஒருவர் சொன்னார். இந்தப் பக்கம் ஒரு பாடம், அந்தப் பக்கம் ஒரு பாடம். ஒரு பக்கத்துக்கு விளக்கும்போது மறுபக்கம் தானாகச் செய்யும் வேலை கைவசம் இருக்க வேண்டும். நிமிடக் கணக்கில் திட்டம் போடாமல் அங்கே வாசற்படி ஏற முடியாது. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இந்த நாட்டில் இன்று 500-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடக்கிறது என்றால், இப்படிப்பட்ட டீச்சர்கள் அதில் ஒரு காரணம்.

ஆசிரியர் அறையில் இப்போது வேறு அமைதி. காலணிகள் கழற்றப்பட்டிருக்கின்றன. தே தாரிக் பொங்குஸ் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு ஒவ்வொருவராகச் சிந்தனை மீட்சி எழுதுகிறார்கள். எத்தனை பேர் நோக்கத்தை அடைந்தார்கள், எத்தனை பேருக்கு மறுபடி வேண்டும். 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தான பிறகு, வகுப்பறை மதிப்பீட்டின் கனம் கூடிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரே கண்டு பதிய வேண்டும். பதிவு வேலை கழுத்தை அழுத்துகிறது, அதையும் நான் பார்த்தேன். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் நிரப்பிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைக் கசக்கினார். அந்த நேரத்தில் பாதியாவது கத்தரிக்கோலுக்கும் களிமண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணித டீச்சர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். அச்சிட்ட கட்டத்தில் எண்ணிக்கை. ஓரத்தில் புதிதாக ஒரு பென்சில் வட்டம். அதற்குள் "60 − 24." அது என்ன என்றேன். "உதிரியே இல்லாத எண். நாளைக்குக் கடைக்காரர் கையில பூஜ்யம். அங்கதான் அடுத்து விழுவாங்க" என்றார். சொல்லும்போது கண்ணில் ஒரு குறும்பு! அடுத்த நாளின் தப்பை இன்றே தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷப்படும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அந்த மேசைகளை இன்னொரு முறை பார்த்தேன். ஐஸ்கிரீம் குச்சி, பாட்டில் மூடி, காலணிப் பெட்டி, பழைய நாட்காட்டியின் பின்பக்கம். கடையில் வாங்கியது கொஞ்சம். ஆசிரியர்கள் வீட்டிலிருந்தும் சொந்தக்காரர் வீட்டிலிருந்தும் திரட்டியது அதிகம். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். போன வருட நாட்காட்டி, கழுவிக் காயவைத்த பாட்டில் மூடி, கிழியாத அட்டைப்பெட்டி, மிச்சமான ராஃபியா கயிறு, எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு பையில் சேர்த்து, உங்களுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் அலுவலகத்தில், ஒன்றரை மணிக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். முதலாம் ஆண்டு டீச்சருக்கு என்று சொன்னால் போதும்.